சதுர அடைப்புக்குறிக்குள் ஓர் எண்

இன்று காலை அச்சுப்பொறியிலிருந்து என் கட்டுரையின் கடைசிப் பக்கம் சூடாக வந்து விழுந்தது. அதை உடனே படிக்காமல் கொஞ்ச நேரம் மேஜையில் கவிழ்த்து வைத்திருந்தேன். மைப்பொடியின் வாசனை அறை முழுக்க இருந்தது. கடைசிப் பக்கம் என்றால் மேற்கோள் பட்டியல். யார் யார் வேலையின்மேல் என் வேலை நிற்கிறது என்று வரிசையாகச் சொல்லும் பக்கம். பிறகு திருப்பினேன். ஆசிரியர் பெயர், தலைப்பு, சாய்ந்த எழுத்தில் இதழின் பெயர், தடித்த எழுத்தில் தொகுதி எண், ஆண்டு. எல்லாவற்றுக்கும் பிறகு, சற்றே சிறிய எழுத்தில், சதுர அடைப்புக்குறிக்குள் முன்பதிப்பு எண். உன் கைவேலை.

இப்படிப் பட்டியலை அமைத்துத் தர நீ எழுதிய ஸ்டைல் ஃபைலை என் கட்டுரைக்கு நான் பயன்படுத்தியது இதுதான் முதல் தடவை. எங்கெங்கோ இருப்பவர்கள் எல்லாம் பயன்படுத்திவிட்டார்கள். உனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த நான் மட்டும் தொடவில்லை. நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. அந்தப் பட்டியலைப் பார்த்ததும் கண் கலங்கியிருந்தால் முறையாக இருந்திருக்கும். கலங்கவில்லை. பழைய எரிச்சல்தான் வந்தது. எவ்வளவு அழகாக இருக்கிறது என்று தோன்றிய அதே நொடியில், இது ஏன் எனக்குத் தோன்றவில்லை என்றும் தோன்றியது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பாளையங்கோட்டையிலிருந்து புனேக்கு ஆராய்ச்சி மாணவியாக வந்தேன். பல்கலைக்கழகத்தில் முதல் இடம் வாங்கியவள் என்ற நினைப்பு தலையில் கொஞ்சம் ஏறியிருந்தது. நிறுவனத்தின் கணினி அறையில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும். குளிரில் கால்விரல்களை மடக்கிக்கொண்டு தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது, பாதிப் பக்கம் திரையிலிருந்து காணாமல் போனது. "எழவு, எங்கன போச்சு?" என்று முணுமுணுத்தேன். பக்கத்திலிருந்து ஒரு குரல்: "கண்ட்ரோல் புடிச்சிகினு எக்ஸ் அழுத்து. அப்புறம் யூ. வந்துரும் பாரு." வந்துவிட்டது. திரும்பினேன். நீ உன் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"ஏட்டி, நீ தமிழா?" என்றேன்.

"வூட்ல தமிழ்தான். பட் படிக்க வராது," என்றாய், சிரித்துக்கொண்டே. படிக்க வராததைச் சிரித்துக்கொண்டே சொல்ல முடியும் என்பதே எனக்குப் புதிதாக இருந்தது.

பொறாமை அந்த வாரமே தொடங்கிவிட்டது. கணக்குப் பிரிவில் இருப்பவரிடம் மராத்தியில் குடும்பக் கதை பேசுவாய். கேன்டீன்காரரிடம் இந்தியில் சண்டை போட்டுக் கூடுதலாக ஒரு வடா வாங்கி வருவாய். இயக்குநர் எதிரே வந்தால் நடையை மாற்றாமல் ஆங்கிலத்தில் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவாய். என்னிடம் தமிழ். நானோ டீ வாங்க உதவிய 'ஏக் சாய்' என்ற இரண்டு சொற்களோடு அந்த ஊரில் ஒரு வருஷத்தை ஓட்டினேன். உன்னிடம் மொபெட் இருந்தது. நான் பின்னால் உட்கார்ந்து வருபவள். நாம் இருவரும் ஒரே வழிகாட்டியிடம் இருந்தோம். அவர் என்னை "கவனமான பெண்" என்பார். உன்னைப் பற்றி எதுவும் சொல்லமாட்டார், ஆனால் எது பழுதானாலும் உன்னைத்தான் கூப்பிடுவார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் போபோடிக்கு உன் வீட்டுக்குக் கூட்டிப்போவாய். உன் அப்பா பக்கத்தில் கட்கியில் வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். வேலூர்ப் பக்கத்திலிருந்து தாத்தா காலத்திலேயே வந்த குடும்பம். உன் அம்மா கறிக்குழம்பைப் பாவ் ரொட்டியோடு கொடுத்துவிட்டு, "துன்னு கண்ணு, எலும்பா கீறியே," என்பார். சாப்பிட்டதும் ஒரு தமிழ் வார இதழை என் கையில் கொடுத்துத் தொடர்கதையைப் படிக்கச் சொல்வார். அவருக்கும் படிக்கத் தெரியாது. நான் சத்தமாகப் படிப்பேன். "எம்மா அழகா படிக்கிறா பாரேன்! நம்மளுதுக்கு இது வரலியே," என்று என் கன்னத்தை வழிப்பார். அந்த நேரங்களில் நீ வெளியே போய் மொபெட்டைத் துடைத்துக்கொண்டிருப்பாய். கதையில் உனக்கு ஆர்வமில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

மூன்றாம் வருஷம் எனக்கு ஒரு கணக்கு வந்தது. கருந்துளை ஒன்றின் அருகே ஒளி வளைவதைப் பற்றிய ஒரு சமன்பாடு. மாதக்கணக்கில் முட்டி மோதி, யார் உதவியும் இல்லாமல் முடித்தேன். அப்போது நம் துறையில் ஒரு புதுப் பழக்கம் வந்திருந்தது. இதழில் அச்சாகும் வரை காத்திராமல், கட்டுரையை வெளிநாட்டில் இருந்த ஒரு பொதுக் களஞ்சியத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடலாம். யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். அதற்குத்தான் முன்பதிப்பு என்று பெயர். அனுப்பியதும் அந்தக் கணினி ஓர் எண் கொடுக்கும். அனுப்பிய வருஷமும் மாதமும் அந்த எண்ணுக்குள்ளேயே இருக்கும். எனக்கு எண் வந்த அன்று நாம் இருவரும் சாலையோர டீக்கடையில் ஆளுக்கு இரண்டு டீ குடித்தோம்.

இதழுக்கும் அனுப்பினேன். அங்கே மதிப்பீட்டாளர் ஒருவர் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஒருமுறை திருப்பி அனுப்பினார், மறுபடியும் கேள்வி கேட்டார். இதற்குள் ஐரோப்பாவில் இரண்டு பேர் அதே சமன்பாட்டை வேறு வழியில் கண்டுபிடித்து, வேகமாக வெளியிடும் ஓர் இதழில் போட்டுவிட்டார்கள். அவர்கள் என்னுடையதைப் பார்க்கவே இல்லை. என் கட்டுரை அச்சில் வந்தபோது அடுத்த வருஷம் பிறந்திருந்தது. அதன்பிறகு யார் இதைப் பற்றி எழுதினாலும் மேற்கோள் பட்டியலில் அவர்கள் முன்னால், நான் பின்னால். அவர்களைப் பார்த்து எழுதியவள் மாதிரி ஆகிவிட்டேன். ஆராய்ச்சிப் பட்டம் முடித்துவிட்டு வெளிநாட்டில் வேலைக்கு விண்ணப்பிக்கும் நேரம் அது. என்னிடம் இருந்தது அந்த ஒரு சமன்பாடு மட்டும்தான். "இதெல்லாம் நடப்பதுதான். அடுத்த கணக்கைப் பார்," என்றார் வழிகாட்டி.

நீதான் விடவில்லை. டீக்கடையில், புதிதாக வந்திருந்த ஒரு கட்டுரையின் கடைசிப் பக்கத்தை என் முகத்துக்கு நேரே நீட்டினாய்.

"ஏய், நீதானே ஃபர்ஸ்ட் போட்ட? இன்னாத்துக்கு அவன் பேரு முன்னாடி கீது?"

"அவனுக்கு அச்சுல மொதல்ல வந்துட்டு. எனக்கு மறுவருசம்லா வந்துச்சு."

"ப்ரீப்ரிண்ட் நம்பர்ல தேதி இருக்குதே?"

"இருக்கு. அத யாரு போடுதா? அச்சுல வந்த பொறவு எல்லாரும் விட்டுருவாவ. நாம எழுதி வச்சாலும் லேடெக் முழுங்கிரும்."

"அரே, கல்யாணம் ஆயிட்டா பொறந்த தேதி மாறிடுமா?" என்று கிளாஸை வைத்துவிட்டு எழுந்தாய்.

லேடெக் முழுங்கியது உண்மைதான். அந்த அச்சுக்கோப்பு மென்பொருளில் ஒவ்வொரு மேற்கோளுக்கும் ஆசிரியர், தலைப்பு, இதழ், ஆண்டு என்று தனித்தனியாக எழுதி வைப்போம். அதில் எது அச்சில் வரவேண்டும், எந்த வரிசையில், எந்த எழுத்தில் என்று முடிவு செய்வது ஸ்டைல் ஃபைல். நம்மிடம் இருந்த ஸ்டைல் ஃபைல்கள் எல்லாம் களஞ்சியம் வருவதற்கு முன்பே எழுதப்பட்டவை. முன்பதிப்பு எண் என்ற ஒன்று இருக்கிறது என்பதே அவற்றுக்குத் தெரியாது. எண்ணை எழுதி வைத்தால் சத்தமில்லாமல் விட்டுவிடும். இதழில் வராத கட்டுரை என்றால் 'வெளியிடப்படாதது' என்று போடும். உலகமே படித்துவிட்ட ஒன்றை வெளியிடப்படாதது என்று போடும்.

அந்த ஸ்டைல் ஃபைல்களின் மொழி விசித்திரமானது. வழிகாட்டி உட்பட, அதைத் திருத்தப் பார்த்த எல்லோரும் தலைகீழாக இருக்கிறது என்று கைவிட்டிருந்தார்கள். நானும்தான். நீ நூலகத்திலிருந்து நகலெடுத்த சில பக்கங்களோடு உட்கார்ந்தாய். ஒரு மத்தியானம் என்னை நாற்காலியோடு இழுத்தாய்.

"இங்க வா. இத அப்டியே தமிழ்ல சொல்லு."

திரையில் இருந்த வரியைப் பார்த்தேன். "நம்பர். காலியா?" என்றேன்.

"அதான். காலின்னா ஒன்னுமில்லாததக் குடு, இல்லாட்டி அடைப்புக்குறி வெச்சு நம்பரக் குடு. சாமான மொதல்ல வெக்குது, வேலைய கடைசில சொல்லுது. 'அம்மா, சோறு போடு'ன்ற மாதிரி. இது நம்ம பாஷைடீ! இங்கிலீஷ்லயே யோசிச்சா தலைகீழாதான் தெரியும்."

நான் பள்ளிக்கூடம் முழுக்கத் தமிழில் படித்தவள். பேச்சுப்போட்டிகளில் கோப்பை வாங்கியவள். வினைச்சொல் கடைசியில் வரும் என்று இலக்கணத் தேர்வில் எழுதியவள். தமிழில் தன் பெயரைக்கூட எழுதத் தெரியாத நீ அதைக் கண்டுபிடித்துச் சொல்கிறாய். நாற்காலியை என் மேஜைக்கே உருட்டிக்கொண்டு போனேன்.

சில நாட்களில் முடித்துவிட்டாய். எண் மட்டும் இருந்தால் எண். இதழில் வந்திருந்தால் இதழும் எண்ணும், இரண்டும். எண்ணை யாராவது தப்பாக எழுதிவிட்டால் அதைப் பிடித்துச் சொல்ல ஒரு சோதனைகூட வைத்திருந்தாய். முதல் தாளை என்னிடம் நீட்டினாய். என் கட்டுரையின் ஆண்டுக்குப் பக்கத்தில், சதுர அடைப்புக்குறிக்குள், முந்திய வருஷத்தைச் சொல்லும் என் எண். "நல்லாருக்கு," என்றேன். "அவ்ளோதானா?" என்றாய்.

அந்தக் குளிர்காலத்தில் நம் நிறுவனத்தில் ஒரு மாநாடு நடந்தது. கட்டுரைகளை முன்கூட்டியே வாங்கித் தொகுத்து, வருபவர்கள் கையில் புத்தகமாகக் கொடுப்பதாக ஏற்பாடு. தொகுக்கும் வேலையை உன்னிடம் கொடுத்தார்கள். நீ எல்லாக் கட்டுரைகளையும் உன் ஸ்டைல் ஃபைலில் ஓட்டினாய். அது மட்டுமா, ஒவ்வொருவர் பட்டியலிலும் விடுபட்டிருந்த எண்களைக் களஞ்சியத்தில் தேடித் தேடிச் சேர்த்தாய். யாரும் கேட்காத வேலை.

இரண்டாம் நாள் தேநீர் இடைவேளையில் புல்வெளியில் நின்றிருந்தோம். நம் துறையின் பெரியவர், வெளிநாட்டிலிருந்து வந்திருந்தவர், புத்தகத்தைக் கையில் விரித்துக்கொண்டே நேராக நம்மிடம் வந்தார். அவர் விரல் வைத்திருந்த பக்கத்தில் என் பெயர் இருந்ததை நான் தூரத்திலேயே பார்த்துவிட்டேன். துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு ஓரடி முன்னால் வைத்தேன். "உங்களில் இந்தப் பட்டியலை இப்படி அமைத்தது யார்?" என்று கேட்டார்.

வாயில் சமோசாவோடு நீ கையைத் தூக்கினாய்.

இடைவேளை முழுக்க உன்னோடு பேசினார். இந்தச் சோதனையை எப்படி வைத்தாய், இரண்டையும் காட்ட வேண்டும் என்று எப்படித் தோன்றியது, எனக்கு ஒரு பிரதி அனுப்ப முடியுமா. மணி அடித்த பிறகுதான் என் கழுத்தில் தொங்கிய பெயர் அட்டையைப் பார்த்தார். "ஓ, இது நீங்கள்தானா? இந்த எண்ணைப் பார்த்துத்தான் நீங்கள் முந்தியவர் என்று தெரிந்தது. நான் தவறாக எழுதியிருக்கிறேன். மாற்றிவிடுகிறேன்," என்றார். சொன்னதைச் செய்தார். அன்று பிற்பகல் உரையிலேயே, திரையில் என் பெயரை முதலில் போட்டு, இது புனேயில் கண்டுபிடிக்கப்பட்டது என்றார். அரங்கம் திரும்பிப் பார்த்தது. அடுத்த வருஷம் அவரிடமே எனக்கு வேலை கிடைத்தது.

மொபெட்டில் திரும்பி வரும்போது நீ சாலையென்றும் பாராமல் கூவிக்கொண்டு வந்தாய். "ஜீத் கயி! நீ ஜெயிச்சிட்டடீ!" பின்னால் உட்கார்ந்திருந்த நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். என் சமன்பாட்டுக்கு அவர் கொடுத்தது நாலு வாக்கியம். உன் அடைப்புக்குறிக்கு ஒரு முழு இடைவேளை.

அதற்குப் பிறகு உன் ஃபைலை நான் தொடவில்லை. எல்லோரும் ஒரே வரியில் முடிக்கிற வேலையை நான் கையால் தட்டச்சு செய்தேன். பெயர், கமா, தலைப்பு, கமா. இதழ் மாறினால் மொத்தப் பட்டியலையும் மாற்றி அடிப்பேன். நீ ஒருநாள் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாய். "இன்னாத்துக்குடீ இந்தக் கஷ்டம்? பண்ணி வெச்சிருக்கேன்ல?" "எனக்கு இதுதான் பழக்கம்," என்றேன். "ஜித்தி! இந்தப் பிடிவாதத்துக்கு மருந்தே இல்ல," என்று போய்விட்டாய். கோபமே படவில்லை. அதுவும் என்னால் முடியாதது.

நான் வெளிநாடு போனேன். நீ ஆராய்ச்சிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, வெளிநாட்டு இதழ்களுக்குப் பக்கம் அமைத்துக்கொடுக்கும் தளேகாவில் இருந்த ஒரு கம்பெனியில் சேர்ந்தாய். வழிகாட்டி பெரிதாக வருத்தப்பட்டார். நீ படவில்லை. தினமும் கட்கி ஸ்டேஷனிலிருந்து லோக்கல் ரயிலில் போய் வருவதாகவும், ஜன்னலோர இடம் கிடைத்தால் அன்றைய நாள் நல்ல நாள் என்றும் எழுதினாய். நான் மூவாயிரம் முறை யோசித்து எடுக்கும் முடிவை நீ டிக்கெட் வாங்குகிற மாதிரி எடுத்தாய். அங்கே, அந்நிய ஊரின் பல்கலைக்கழகத் தாழ்வாரங்களில், சுவரில் ஒட்டிய கட்டுரைகளில் எல்லாம் உன் சதுர அடைப்புக்குறிகள். யாரோ பிரேசில்காரர் என்னிடம் வந்து, "புனேயா? அந்த ஸ்டைல் ஃபைல் எழுதிய பெண்ணைத் தெரியுமா?" என்று ஆவலாகக் கேட்டார். என் சமன்பாட்டைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

திரும்பி வந்து, அதே நிறுவனத்தில் பேராசிரியராகி, பாணேரில் வீடு வாங்கினேன். கிரகப்பிரவேசத்துக்கு மறுநாள் நீ வந்தாய். பால்கனியில் நின்று, புதிதாக எழும்பிக்கொண்டிருந்த ஐ.டி. கட்டடங்களைப் பார்த்தோம். அன்று சொல்லிவிட்டேன்.

"ஏட்டி, உண்மையச் சொல்லுதேன். உன்னப் பாத்தா எனக்கு வயித்தெரிச்சலா இருக்கு. மொதல்ல இருந்தே."

"எனக்குத் தெரியும்டீ," என்றாய் சாதாரணமாக. "ஆனா எதுக்குன்னுதான் தெரியல. நீ புரொஃபசரு. நான் கமா திருத்தறவ."

"கமா திருத்திக்கிட்டே ஒலகம் பூரா போயிட்டியே."

"அத எவன் கேட்டான்? உன் நம்பரு வரணும்னு பண்ணேன். மத்ததெல்லாம் தானா போச்சு."

அதுதான் மோசம். எனக்குப் புகழ் வேண்டும் என்று ராப்பகலாக ஏங்கினேன். உனக்கு அது வேண்டவே இல்லை, ஆனாலும் வந்தது. நீ கொஞ்சம் பெருமைப்பட்டிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அப்புறம் உன் நோய். கண்டுபிடித்ததற்கும் முடிந்ததற்கும் நடுவில் ஒரு மழைக்காலம்தான் இருந்தது. நிறுவனத்தில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். எந்தெந்த நாடுகளிலிருந்தோ வந்த மின்னஞ்சல்களை நூலகர் வாசித்தார். உன்னைப் பார்த்தே இராதவர்கள். முன்வரிசையில் உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னா கண்ணு சொல்றாங்க?" என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டார். நான் காதருகில் தமிழில் சொன்னேன். அழுதுகொண்டேதான் சொன்னேன். ஆனால் நான் போனால் இப்படி வருமா என்ற கேள்வி அங்கேயும் வந்து நின்றது. வந்ததை மறைத்து எழுத எனக்கு மனமில்லை.

மறுவருஷம் களஞ்சியம் எண்களின் வடிவத்தையே மாற்றிவிட்டது. தப்பான எண்ணைத் தடுக்க நீ வைத்த சோதனை, புது எண்களை எல்லாம் தப்பு என்று தள்ளியது. கொஞ்ச காலம் ஆளாளுக்கு ஒட்டுப்போட்டு ஓட்டினார்கள். இந்த வருஷம் நூலகர் என்னிடம் வந்து, "மேடம், ஃபைலை யாராவது சரிசெய்ய முடியுமா என்று எங்கிருந்தெல்லாமோ கேட்கிறார்கள். நீங்கள் அவர் தோழி," என்றார். மறுத்திருக்கலாம். ஆனால் வேறு யாராவது அதில் கைவைப்பதை நினைத்தால் அதுவும் பொறுக்கவில்லை.

முதல் தடவையாகத் திறந்தேன். குறை கண்டுபிடிக்க வேண்டும் என்ற ஆசையோடுதான் படித்தேன். ஒரு வரிகூட வீணாக இல்லை. நீ சில நாட்களில் எழுதியதைத் திருத்த எனக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. சரியாகிவிட்டதா என்று பார்க்க ஒரு கட்டுரை வேண்டும். கையில் இருந்தது என்னுடையது. அதைத்தான் இன்று அச்சிட்டேன். திருத்திய ஃபைலை அனுப்பியதும் மத்தியானத்துக்குள் நன்றி சொல்லிப் பதில்கள் வந்தன. ஒருவர், நீங்கள் அவருடைய மாணவியா என்று கேட்டிருந்தார். என் தலை பாதி நரைத்துவிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். துறையில் புதிதாக வந்திருக்கும் பாடப்புத்தகத்தில் என் சமன்பாட்டுக்கு ஒரு பிரிவே ஒதுக்கி, அதற்கு என் பெயரையே வைத்திருக்கிறார்கள். போன வாரம் சக பேராசிரியர் தொலைபேசியில் சொன்னார். வைத்துவிட்டு நேராக எழுந்து சாவியைத் தேடினேன். எங்கே கிளம்பினேன் என்பது வாசலுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. உன்னிடம் சொல்ல. சொல்லிவிட்டு உன் முகத்தைப் பார்க்க. ஒரே ஒரு நொடி அந்த முகம் சுருங்குமா என்று பார்க்க.

மற்றவர்கள் விருது வாங்கும்போது எனக்கு ஒன்றும் ஆவதில்லை. கைகொடுத்து வாழ்த்திவிட்டு வந்து என் வேலையைப் பார்க்கிறேன். இத்தனை பேர் நடுவில் என்னை எரிய வைக்க ஒருவரும் இல்லை. சாவியை ஆணியில் மாட்டிவிட்டு வாசல்படியிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அன்று பால்கனியில் என்னுடையதை எல்லாம் கொட்டினேனே, உனக்கு எப்போதாவது என்னைப் பார்த்து வயிறு எரிந்ததா என்று கேட்கவே இல்லை. உன் அம்மாவுக்கு நான் கதை படிக்கும்போதெல்லாம் மொபெட்டைத் துடைக்க வெளியே போனாயே. எரிந்திருக்க வேண்டுமடி. எதற்காகவாவது, ஒரு தடவையாவது.